ஹைபிரிட் கார் எஞ்சின்: திறனும் தொல்லையும்

(பழைய மாணவர் சங்கக் கூடலில், இயந்திரவியல் துறைக் கருத்தரங்க அறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில வார்த்தைகளை அப்படியே விட்டிருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நம்ம துறை சம்பந்தமா அரை மணி நேரம் பேசுப்பா. வாழ்க்கையில முன்னேறுவது எப்படின்னு மட்டும் பேசிடாதே, அதுக்கு ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க" என்றார். நல்லதாகப் போயிற்று. எனக்குத் தெரிந்தது எஞ்சின்தான். அதிலும் கடந்த சில ஆண்டுகளாக என் பிழைப்பு, எஞ்சினைக் குளிர வைக்கும் பாகங்களோடு. ஆகவே ஹைபிரிட் கார் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எப்படி வேலை செய்கிறது, எங்கே சிக்கலில் மாட்டுகிறது என்று சொல்லலாமென்று வந்திருக்கிறேன்.

ஹைபிரிட் வண்டி வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், பக்கத்தில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "பேட்டரி போனா என்ன பண்ணுவே?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் உலகத்திலேயே அதிகம் ஓடிய, அதிகம் பிரித்துப் பார்க்கப்பட்ட ஹைபிரிட் வண்டியை எடுத்துப் பார்த்தால், சொந்தக்காரர்களின் பர்ஸைப் பெரிதாகக் காலி செய்தது பேட்டரி மட்டும் இல்லை. நம் தாத்தா காலத்து வியாதிகளான கரியும், தண்ணீரும், தூசியும் அந்த வேலையைச் செய்தன. இதைத்தான் இன்று விளக்கப்போகிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது டொயோட்டா நிறுவனத்தின் 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்இ என்ற எஞ்சின். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரில் இருந்தது. முதல் பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதில் 1,497 சி.சி. எஞ்சின். மூன்றாம் தலைமுறையில் அது 1,798 சி.சி. ஆயிற்று. சின்ன எஞ்சினை அதிவேகச் சாலையில் கதற வைப்பதைவிட, கொஞ்சம் பெரிய எஞ்சினை நிதானமாக ஓட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது கணக்கு.

குறித்துக்கொள்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். நாலு சிலிண்டர், 16 வால்வு. போர் 80.5 மி.மீ., ஸ்ட்ரோக் 88.3 மி.மீ. அமுக்க விகிதம் 13க்கு 1. நிமிடத்துக்கு 5,200 சுற்றில் 73 கிலோவாட், 4,000 சுற்றில் 142 நியூட்டன் மீட்டர். அலுமினிய பிளாக், அலுமினிய ஹெட். டைமிங்குக்குச் சங்கிலி. 1.8 லிட்டர் எஞ்சினுக்கு 73 கிலோவாட் என்றால், பின் பெஞ்சில் ஒருவர் சிரிக்கிறார் பாருங்கள், குறைச்சல்தான். அதே குடும்பத்துச் சாதாரண 1.8 லிட்டர் எஞ்சின் இதைவிட நிறையவே கொடுக்கும். இந்தக் குறைச்சல் வேண்டுமென்றே செய்தது.

தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் ஆட்டோ சுழற்சியின் திறன் சூத்திரம் படித்திருப்பீர்கள். அமுக்க விகிதம் 10 என்றால் காகிதத்தில் 60 சதவீதம், 13 என்றால் 64 சதவீதம். அப்படியானால் எல்லாரும் 13 வைக்கலாமே? வைத்தால் எஞ்சின் தட்டும். ஸ்பார்க் வருமுன்னே, அல்லது தீ முழுதும் பரவுமுன்னே, கலவை தானாக வெடித்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் 1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் கண்ட வழியை வேறு உருவத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர் இணைப்புத் தண்டுகளை வைத்து, அமுக்கும் நீளத்தைக் குறைத்து, விரியும் நீளத்தைக் கூட்டினார். இன்றைய எஞ்சினில் அந்தத் தண்டுகள் கிடையாது. உள்ளிழுக்கும் வால்வை மட்டும் தாமதமாக மூடுகிறார்கள். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கும். உறிஞ்சிய கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஆக, அமுக்குவது குறைவு. விரிவதோ முழு 13 மடங்கு. எரிந்த வாயுவிடம் கடைசிச் சொட்டு வரை வேலை வாங்கிவிட்டுத்தான் வெளியே விடுவது.

இதற்கு விலை உண்டு. உள்ளே நிற்கும் காற்று குறைவாக இருப்பதால் இழுவை குறையும். சிக்னலில் பச்சை விழுந்து புறப்படும்போது இந்த எஞ்சினை மட்டும் நம்பினால் பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரனிலேயே நம்மைத் தள்ளிவிடுவார். அந்தக் குறையை மோட்டார் நிரப்புகிறது. 60 கிலோவாட், 207 நியூட்டன் மீட்டர், அதுவும் நின்ற இடத்திலிருந்தே. இரண்டும் சேர்ந்து 100 கிலோவாட். 73ஐயும் 60ஐயும் கூட்டினால் 133 வருகிறதே என்று யாராவது கேட்பீர்கள். மோட்டார் முழுச் சக்தியில் ஓட வேண்டிய மின்சாரத்தைப் பேட்டரியால் தனியாகக் கொடுக்க முடியாது என்பதால் நேர்க்கூட்டல் இங்கே வராது.

இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஒரே ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி. தியரி ஆஃப் மெஷின்ஸ் பாடத்தில் நாம் பயந்துகொண்டு படித்த அதே எபிசைக்ளிக். நடுச் சக்கரத்தில் 30 பல், வெளி வளையத்தில் 78 பல். நடுச் சக்கரத்தில் ஒரு ஜெனரேட்டர், வளையம் சக்கரங்களோடு, கோள்களைத் தாங்கும் கை எஞ்சினோடு. வண்டி நின்றுகொண்டிருக்கிறது, எஞ்சின் 1,000 சுற்றில் ஓடுகிறது என்றால் ஜெனரேட்டர் எத்தனை சுற்று? போட்டுப் பாருங்கள், 3,600. எஞ்சினின் முறுக்கு விசையில் 108க்கு 78 பங்கு, அதாவது 72 சதவீதம், நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. மீதி 28 ஜெனரேட்டருக்கு. கிளட்ச் இல்லை, கியர் மாற்றம் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. இந்த எஞ்சினில் பெல்ட்டே கிடையாது, தண்ணீர் பம்பும் மின்சாரம்தான். இல்லாத பாகம் பழுதாகாது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். டாக்ஸியாக ஓடி மூன்று லட்சம், நாலு லட்சம் கிலோமீட்டர் கண்ட பிரியஸ்கள் உலகமெங்கும் சாதாரணம். ஆகவே நான் இனிமேல் சொல்லப்போகும் குறைகளைக் கேட்டுவிட்டு "மோசமான வண்டி போல" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

இந்த எஞ்சினின் உச்சத் திறன் 38.5 சதவீதம். 2015இல் வந்த அடுத்த தலைமுறையில் இதே எஞ்சினை 40க்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு அரை சதவீதத்துக்கும் ஒரு புது வழி, ஒரு புது ஓட்டை, ஒரு புது குழாய். அப்படி 2009இல் சேர்ந்த ஒன்றுதான் குளிரூட்டிய இ.ஜி.ஆர். வெளியே போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்து, கூலன்ட் ஓடும் ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாகச் செலுத்தி, சூட்டைக் குறைத்து, மறுபடி உள்ளே அனுப்புவது. இதனால் எரியும் வெப்பம் தணியும், தட்டல் குறையும், காற்றை உறிஞ்ச பிஸ்டன் படும் பாடும் குறையும். முன்பெல்லாம் வேகமாகப் போகும்போது எஞ்சினைக் காப்பாற்றக் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துப் புகைச் சூட்டைக் குறைப்பார்கள். இந்த ஏற்பாடு வந்தபின் அந்த வீண் செலவும் மிச்சம். அருமையான யோசனை. குறை சொல்லவே முடியாது, குழாய் சுத்தமாக இருக்கும்வரை.

புகையில் கரி இருக்கும், ஈரம் இருக்கும். எஞ்சினின் கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவியும் உள்ளிழுக்கும் பாதையில்தான் வந்து சேர்கிறது. வீட்டில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து ஒரு பிசின் மாதிரி படியுமே, அதே சங்கதி. குளிர்விப்பானுக்குள் இருக்கும் மெல்லிய தகட்டு இடுக்குகளில் அது படிந்து படிந்து பாதையை அடைக்கிறது. மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் புகையைப் பங்கிட்டுக் கொடுக்கும் சின்னத் துளைகளிலும் படிகிறது. நாலு துளையும் ஒரே அளவாக அடைபட்டால்கூடப் பரவாயில்லை. அப்படி நடப்பதில்லை. ஒன்று முழுக்க அடைபடும், இன்னொன்று பாதி. புகை கிடைக்காத சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக எரிகிறது, தட்டுகிறது. கணினி நாக் சென்சாரை வைத்து இயன்றவரை சமாளிக்கிறது. வருஷக்கணக்கில் இந்த அடியை வாங்கிக்கொண்டிருப்பது ஹெட் கேஸ்கட்.

மூன்றாம் தலைமுறை பிரியஸில், வயது கூடி ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கிலோமீட்டர் கடந்த வண்டிகளில், ஹெட் கேஸ்கட் பழுது அதிகம் பேசப்பட்டது. பெரும்பாலும் ஒன்று, இரண்டாம் சிலிண்டர்ப் பக்கம். அதற்கு நான் இப்போது சொன்ன சங்கிலிதான் காரணம் என்பது இதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளிடையே பரவலான கருத்து. என் கருத்தும் அதுவே.

இதில் ஹைபிரிட்டுக்கே உரிய ஒரு விபரீதம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உரையில் முக்கியமான இடம் இதுதான்.

சாதாரண வண்டியில் கேஸ்கட் போனால் நமக்குத் தெரியும். செல்ஃப் எடுக்கத் திணறும், ஐட்லிங் ஆடும், டெம்பரேச்சர் முள் ஏறும். இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் கிடையாது என்றேன். அந்த 3,600 சுற்று ஜெனரேட்டர்தான் மோட்டாராக மாறி எஞ்சினைச் சுற்றிவிடுகிறது. சாதாரண ஸ்டார்ட்டர் எஞ்சினை 200, 250 சுற்றில் இழுக்கும். இது ஏறக்குறைய 1,000 சுற்றுக்கு ஒரே தூக்காகத் தூக்கிவிடும். நோயாளியைத் தோளில் சுமந்துகொண்டு ஓடி, "பாருங்க, நல்லா நடக்கிறார்" என்று சொல்வது போல. ஓடும்போதும் எஞ்சினின் குலுக்கலை மோட்டார் ஓரளவு மறைத்துவிடும். எஞ்சின் பாதி நேரம் அணைந்தே கிடப்பதால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். போதாதற்கு இந்தக் காரின் முகப்பில் டெம்பரேச்சர் முள்ளே வைக்கவில்லை. ஒரு எச்சரிக்கை விளக்கு மட்டும். அது எரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

இரவில் வண்டியை நிறுத்தியபின், சூடான கூலன்ட் அழுத்தத்தோடு இருக்கும். கேஸ்கட்டில் மயிரிழை வழி இருந்தால் அதன் மூலம் சிலிண்டருக்குள் கசிந்து பிஸ்டன் தலையில் தேங்கும். காலையில் புறப்படும்போது எஞ்சின் பத்து விநாடி, பதினைந்து விநாடி கடகடவென்று ஆடிவிட்டுச் சரியாகிவிடும். பலர் இதை "குளிர் காலம்பா" என்று விட்டுவிடுகிறார்கள். தேங்கிய நீர் அதிகமானால்? பெட்ரோல் கலவையை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சாதாரண ஸ்டார்ட்டராக இருந்தால் முக்கிவிட்டு நின்றுவிடும். இந்த மோட்டாரோ பலசாலி. கனெக்டிங் ராடு வளைந்த எஞ்சின்கள் உண்டு. கேஸ்கட்டோடு போயிருக்க வேண்டிய செலவு, எஞ்சினையே மாற்றும் செலவாக ஆகிவிடும்.

அடையாளங்கள் மூன்றையும் சொல்லிவிடுகிறேன். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் குலுக்கல். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் தொட்டியில் அளவு மெல்ல இறங்குவது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டர் குழாயில் தண்ணீர் குமிழிடும் சத்தம். சந்தேகம் வந்தால் கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விட்டு, காலையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். மூன்று பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கும். ஒன்று மட்டும் நீராவியில் கழுவியது போலப் பளபளக்கும். நம் வாழ்வில் அழுக்காக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படும் ஒரே இடம் இது.

தடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது, மலிவானது. இ.ஜி.ஆர். குளிர்விப்பானையும் வால்வையும் மேனிஃபோல்டையும் கழற்றி, கரி கரைக்கும் திரவத்தில் ஊற வைத்து, துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வது. ஒரு நாள் வேலை. குளிர்விப்பான் வண்டியின் பின்சுவர்ப் பக்கம் ஒளிந்திருப்பதால் கைமுட்டி கொஞ்சம் உரியும், அவ்வளவுதான். லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தால் நல்லது என்பேன். ஹெட்டைப் பிரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது காபிச் செலவு.

கூலன்ட் என்றதும் நம்மூர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தொட்டியில் குறைந்தால் பக்கத்தில் இருக்கும் குழாயைத் திறந்து ஊற்றிவிடுகிறோம். நம் போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, குடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறோம். அதையே கொண்டுபோய் அலுமினிய எஞ்சினுக்குள், மின்சார பம்பின் நுண்ணிய இடைவெளிக்குள் ஊற்றலாமா? அந்த பம்பும் பெல்ட் பம்பு போலக் கீச்சிட்டு எச்சரிக்காது. ஓசையில்லாமல் நின்றுவிடும். கணினியில் கோளாறு எண் பதிவாகும், சற்று நேரத்தில் சிவப்பு விளக்கு வரும். விளக்கு வந்தபின் "அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டியவர்கள்தான் ஹெட்டை வளைத்துக்கொண்டவர்கள்.

ஆயில் விஷயம் சுருக்கமாக. உராய்வைக் குறைக்க மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில், இறுக்கம் குறைந்த பிஸ்டன் ரிங்குகள். வயதான சில வண்டிகள் ஆயிலைக் குடிக்கும். குடித்த ஆயில் மறுபடி அந்தக் கரிப் பிசினுக்குத்தான் தீனி. டிப்ஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது, மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். அதைப் பற்றிக் கேட்கத்தான் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. 1.2 வோல்ட் செல் 168, ஆறு ஆறாகச் சேர்த்து 28 தொகுதி, மொத்தம் 201.6 வோல்ட். கணினி இதை முழுக்க நிரப்பவும் விடாது, முழுக்க வடியவும் விடாது. நடுவாந்தரத்திலேயே வைத்திருக்கும். அதனால்தான் பத்து வருஷம் தாண்டியும் உழைக்கிறது. இதன் பரம எதிரி சூடு. பின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். அதன் வழியாக ஒரு விசிறி உள்ளறைக் காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர வைக்கும். வண்டிக்குள் ஏ.சி. போட்டால் பேட்டரிக்கும் ஏ.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர், கம்பெனி பெயர் வேண்டாம், ஒரு ஹைபிரிட் வைத்திருந்தார். சித்திரை மாத வெயிலில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கொண்டுபோன இடத்தில் பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று லட்சங்களில் ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அண்ணி வண்டியையே விற்றுவிடச் சொல்லிவிட்டார். நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் காற்றுத் துளையைத் திறந்து பார்த்தால், உள்ளே விசிறியின் இறக்கைகளில் ஒரு தலையணைக்கான பஞ்சு. அவர்கள் வீட்டு நாய்க்குட்டி தினமும் பின் இருக்கையில்தான் சவாரி. நாய் முடி, அதன் மேல் அரிசி மூட்டைத் தூசி. சுத்தம் செய்து மாட்டினோம், விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு இரண்டு கோடை ஓடிவிட்டது. எல்லாப் பேட்டரி விளக்குக்கும் நாய்க்குட்டிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. செல் உண்மையாகவே செத்துப்போவதும் உண்டு. 28 தொகுதியில் ஒன்று பலவீனமானால் அதை மட்டும் மாற்றுகிறோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. பழைய சட்டையில் புது ஒட்டு போட்ட கதை. சில மாதத்தில் பக்கத்துத் தொகுதி கிழியும். ஆனாலும் லட்ச ரூபாய்த் தீர்ப்பு எழுதுமுன் விசிறியைத் திறந்து பார்க்க வேண்டாமா?

அதேபோல, "வண்டி செத்துப்போச்சு, ஒண்ணுமே எரியலை" என்று வரும் பாதிப் புகார்களுக்குக் காரணம் பெரிய பேட்டரியே இல்லை. கணினியை எழுப்பும் சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். இருபது நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அது இறங்கியிருக்கும்.

மின்னணுப் பக்கத்தில் தவறே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். பேட்டரியின் 201.6 வோல்ட்டை 650 வோல்ட் வரை ஏற்றும் பகுதியில், அதிக இழுவையின்போது டிரான்சிஸ்டர்கள் சூடாகிச் சேதமாகலாம் என்று 2014 பிப்ரவரியில் உலகெங்கும் சுமார் 19 லட்சம் பிரியஸ்களைத் திருப்பி அழைத்தார்கள். சரிசெய்தது மென்பொருளை மாற்றி. 2018 அக்டோபரில் மறுபடி சுமார் 24 லட்சம் ஹைபிரிட் வண்டிகள். பழுது வந்தால் மெதுவாகவாவது ஓட வேண்டிய வண்டி, சில சமயம் ஒரேயடியாக நின்றுவிடலாம் என்பது அந்த முறை. முதல் அழைப்பில் சிக்கியவையும் அவற்றில் இருந்தன. சாலிடரில் பிறக்கும் பிரச்சினையை சாஃப்ட்வேரில் எவ்வளவு தூரம் தீர்க்கலாம் என்று நம் எலெக்ட்ரானிக்ஸ் துறை நண்பர்கள் யோசிக்கட்டும்.

இதெல்லாம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓடும் பழைய வண்டி, நமக்கென்ன என்று கேட்கலாம். பிரியஸ் 2010இல் இந்தியாவுக்கு வந்தபோது, விலையைப் பார்த்து நாம் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்றே ரசித்துவிட்டு வந்தோம். ஆனால் 2022இல் கதை மாறியது. ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் 1,490 சி.சி. மூன்று சிலிண்டர் ஹைபிரிட் எஞ்சினோடு வந்தன. அந்த வருஷக் கடைசியில் இன்னோவா ஹைக்ராஸ், 1,987 சி.சி. எஞ்சினோடு. அதே அட்கின்சன் சிந்தனை, திறன் இன்னும் மேலே. இன்றைக்கு விமான நிலைய வாசலில் நின்றால் ஹைக்ராஸ் டாக்ஸியாக வந்து நிற்கிறது. பிரியஸில் பார்த்த பலவீனங்கள் இவற்றிலும் அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். இடையில் பல மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் கரி கரிதான், போர் தண்ணீர் போர் தண்ணீர்தான், டாக்ஸியின் பின் சீட்டில் தூசிக்கும் பஞ்சமில்லை.

ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். தினம் 200 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்காரருக்கு எட்டு வருஷக் கணக்கெல்லாம் இல்லை. இரண்டேகால் வருஷத்தில் கிலோமீட்டர் தீர்ந்துவிடும். கடன் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வண்டி காலையில் பத்து விநாடி ஆடினால் அவர் யாரிடம் போவார்? கம்பெனி சர்வீஸுக்குப் போனால் அசெம்பிளியை மாற்றச் சொல்வார்கள். தெருமுனை மெக்கானிக்கிடம் போனால், ஆரஞ்சு நிற ஒயரைப் பார்த்ததும் "நமக்கு வேண்டாம் சார்" என்பார். அவர் பயம் நியாயமானது. சர்வீஸ் பிளக்கை எடுத்துவிட்டு, கெப்பாசிட்டரில் நிற்கும் மின்சாரம் இறங்கக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் தேவை. கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையைப் பார்க்கத் தெரிந்தவர், இ.ஜி.ஆர். துளையில் கம்பி விடக் கூச்சப்படாதவர், கையுறை போடாமல் ஆரஞ்சு ஒயரைத் தொடாதவர். இறுதியாண்டு மாணவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்காமல், நாலு பேராவது இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் வேலைக்கும் குறைவிருக்காது, வருமானத்துக்கும் குறைவிருக்காது. தொழிலியல் ஆசிரியர் சார் அங்கே தலையாட்டுகிறார். சனிக்கிழமைகளில் நம் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிட்டு, அக்கம்பக்கத்து மெக்கானிக்குகளை வரவழைத்து ஒரு வகுப்பு நடத்தலாமா என்று சாரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். முதல்வர் அவர்களும் இதே மேடையில் இருப்பதால் பகிரங்கமாக இன்னொரு தடவை கேட்டுவைக்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் ஹைபிரிட் வாங்க நினைக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு யோசனை. விற்பவர் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து குலுக்கலை முடித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். காபி குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். ஜில்லென்று இருந்தால் கூலன்ட் தொட்டியின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிப்போயிருந்தால் குழாய்த் தண்ணீர் கலந்திருக்கிறது. பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைக் கொடுங்கள். கடைசியாகப் பின் கதவைத் திறந்து அந்தக் காற்றுத் துளையில் விரலை விட்டுப் பாருங்கள். விற்பவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நம் ஆட்டோமொபைல் லேபுக்கென்று இரண்டு பொருள் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று, பழைய கோள் பற்சக்கரத் தொகுதி. பல்லை எண்ணிப் பார்த்து நான் சொன்ன கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, நீளவாக்கில் அறுத்த இ.ஜி.ஆர். குளிர்விப்பான். ஒரு பாதியைச் சுத்தம் செய்திருக்கிறேன், மறுபாதியை வண்டியிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் பாருங்கள், தாராளமாகத் தொட்டும் பாருங்கள். கை கறுக்கும், வேஸ்ட் துணி மேசைக்குக் கீழே இருக்கிறது.